பேட்டரி ரெடி

மார்ச் 1, சனி
இரண்டு பேட்டரிக்கும் முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டேன். விவாகரத்துத் தீர்ப்பில் என் பங்குக்கு வந்தது ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு. நாளை மகள் வர வேண்டும். "நாம ஏரோப்ளேன் விடலாமாப்பா?" என்று போன வருடம் ஒரு தரம் கேட்டாள். அந்த ஒரு வார்த்தையை நம்பி மாடல் விமானம் வாங்கி, தட்டுத் தடுமாறிப் பழகுகிறேன். "பேட்டரி ரெடி" என்று செய்தி அனுப்பினேன்.

மார்ச் 2, ஞாயிறு
வரவில்லை. தலைவலியாம்.
தனியாக மைதானத்துக்குப் போனேன். ஆறு நிமிடத்தில் இறக்கிவிடச் சொல்லிக் கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று ஒன்பது நிமிடம் ஓட்டினேன். பேட்டரி தீர்ந்து நடு வானத்தில் மோட்டார் நின்றது. வேலியில் மோதி இறக்கை ஒடிந்தது. லிப்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பத்திரமாக இறக்குவதுதான் என் பிழைப்பு. ஒரு பொம்மையை இறக்கத் துப்பில்லை.

மார்ச் 8, சனி
இறக்கையை ஒட்டினேன். இரண்டு பேட்டரியும் ஃபுல். செய்தி அனுப்பினேன்.

மார்ச் 9
வரவில்லை.

மார்ச் 16
வரவில்லை. இந்தத் தரம் காரணம் கூடச் சொல்லவில்லை.

மார்ச் 22, சனி
ஒரு பேட்டரி உப்பிவிட்டது. கடைக்காரர் அதைப் பார்த்ததும், "எத்தனை நாளா ஃபுல்லா வெச்சிருக்கீங்க?" என்றார். இரண்டு வாரம் என்றேன்.
"விடப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் சார் ஏத்தணும். சும்மா வைக்கிறதா இருந்தா பாதியில வைங்க. முழுசா ஏத்தி வெச்சே கொன்னுட்டீங்களே."
உப்பியதை அவரே வாங்கி வைத்துக்கொண்டார். பத்து மணிக்கு அவள் வந்து நின்றால், பேட்டரி ஏறும்வரை காத்திரு என்று சொல்வதா? இதையெல்லாம் அவரிடம் சொல்ல முடியுமா? தலையாட்டிவிட்டு வந்தேன். வழக்கம்போல் செய்தி அனுப்பினேன்.

மார்ச் 23
வரவில்லை. மிச்சமிருந்த பேட்டரியையும் பாதிக்கு இறக்கி வைத்துவிட்டேன். யாருக்காக இந்தக் கூத்து? சாப்பாடு இறங்கவில்லை. அழுகை வருகிறது, அதுவும் பாதியில் நிற்கிறது.

மார்ச் 29, சனி
செய்தி அனுப்பவில்லை.

மார்ச் 30, ஞாயிறு
மணி அடித்தது. திறந்தால் அவள்.
"மெசேஜ் வரலையே, உடம்பு சரியில்லையோன்னு பார்க்க வந்தேன். அம்மா கீழ கார்ல இருக்காங்க. அரை மணி நேரம்தான்."
நான் என்ன செய்தேன்? உட்காரம்மா என்று கூடச் சொல்லாமல் சார்ஜரை மாட்ட ஓடினேன். "முப்பத்தஞ்சு நிமிஷத்துல ஃபுல் ஆயிடும். அம்மாகிட்ட கொஞ்சம் கேட்டுப் பாரேன்" என்றேன்.
அவள் சமையலறை வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எனக்கு ஏரோப்ளேன் வேண்டாம்ப்பா. அது சும்மா ஒரு நாள் கேட்டது. வாராவாரம் பேட்டரி ரெடி, பேட்டரி ரெடின்னே அனுப்புறீங்க. வேற எதுவும் கேக்கத் தோணாதா உங்களுக்கு?"
என்ன கேட்பது, எங்கே தொடங்குவது? சார்ஜரில் ஏறும் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாவி. கீழே ஹாரன் அடித்தது.
செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, ஜூனில் போகிறார்கள். இதைச் சொல்லப் பயந்துதான் இத்தனை வாரமும் வராமல் இருந்தாளாம்.

ஏப்ரல் 5, சனி
"எப்படி இருக்கே?" என்று எழுதிவிட்டு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். அடுத்து என்ன எழுதுவது? படிப்பைப் பற்றிக் கேட்கலாம் — ஒன்பதாவதா, பத்தாவதா? அப்பன்காரன் கேட்கிற கேள்வியா இது?
அதையே கேட்டு அனுப்பினேன்.