பிஸ்தாவைப் பார்த்துக்கொண்ட விதம்

786
பாரிவாக்கம், பூந்தமல்லி
15.6.2025, ஞாயிறு

அன்பு மகள் அலீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் பால்கனியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உன் பூனை பிஸ்தா வெளிக்குப் போகிற மண் தட்டைச் சலித்துக்கொண்டிருந்தேன். நீ வாங்கி வைத்த கரண்டி உடைந்துவிட்டது. அதனால் அம்மாவின் மாவு சல்லடை. அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு இருதயராஜ் அண்ணன் தண்ணி மோட்டார் சாவி கேட்டு மேலே வந்தார்.

"இன்னா பாய், மண்ணுல கடலை வறுக்கறியா?"

உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமாண்ணே" என்றேன்.

"வாசனை ஒரு மாரி கீதே. சரி, ரெண்டு குடு பாப்போம்" என்று கையை நீட்டிவிட்டார்.

இப்போது தெருவில் எனக்குப் பேர் 'கடலை பாய்'. உன் அம்மா சல்லடையைக் குப்பையில் போட்டுவிட்டு, புதுசு வரும்வரை இந்த வீட்டில் சப்பாத்தி கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

போனில் பேசினால் எனக்கு "ம், நல்லா இரு, அம்மாகிட்ட தரேன்" என்பதற்கு மேல் வராது. உனக்கே தெரியும். ஒன்பதாவதோடு நின்றவன் என்றாலும் தாளும் பேனாவும் கொடுத்தால் அளப்பேன். அதனால் இனிமேல் எழுதிக் கொடுக்கிறேன், அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள். மஸ்கட்டுக்கு ஒரு நொடியில் போய்விடுமாமே.

நீ பிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன தாளை குர்ஆன் ஷரீஃபுக்கு அடுத்தபடியாக மதித்து நடக்கிறேன். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதே என்றாய். ஹாலில் ஒன்று, ரூமில் ஒன்று வைத்தேன். ஆச்சரியம், இப்போது நிறையக் குடிக்கிறான். வெங்காயம் ஆகாது என்றாய். வெங்காயம் இல்லாத கறி நம் வீட்டில் ஏது? பக்ரீத் அன்று முதல் துண்டு உப்பு கூட இல்லாமல் தனியாக வெந்தது பிஸ்தாவுக்குத்தான். சொந்தக்காரர்கள் அப்புறம். பால் மட்டும் உன் அம்மா எனக்குத் தெரியாமல் ஊற்றிவிட்டாள். பூனை என்றால் பால் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அதன் பலனை நான்தான் மூன்று தடவை துடைத்தேன்.

சாயங்காலம் ஆறரைக்குக் கதவுப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறான். நீ ஆபீஸ் பஸ்ஸில் இறங்கும் நேரம். ஏழு வரைக்கும் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுவான். ஒரு சின்னக் குறை: போன் பண்ணினால் முதலில் "பிஸ்தா சாப்பிட்டானா" என்கிறாய். அத்தாவும் சாப்பிடுகிறேன் என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அத்தா
அன்வர் பாஷா (எ) கடலை பாய்


மஸ்கட்
20.6.2025, வெள்ளி

அன்புள்ள அத்தாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

லேபில் ரத்த சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். சூப்பர்வைசர் முறைத்தார். ரூமில் கூட இருக்கிற தஸ்லீமுக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஊருக்கு வந்தால் முதலில் கடலை பாயைத்தான் பார்க்க வருவாளாம்.

நீங்கள் சாப்பிட்டீர்களா அத்தா? இப்போது கேட்டுவிட்டேன். இனி பிஸ்தா.

அவனுக்கு விளையாட்டு வேண்டும். ஒரு நாளைக்குக் கால் மணி நேரமாவது எதையாவது ஆட்டிக் காட்டுங்கள். கடைசியில் அது அவன் கையில் மாட்ட வேண்டும். வேட்டையாடிப் பிடிக்காமல் விட்டால் எரிச்சலாகிக் காலைக் கடிப்பான். இரண்டு நாளுக்கு ஒரு தடவை சீப்பு போடுங்கள். இல்லாவிட்டால் முடியை நக்கி விழுங்கிவிட்டு உங்கள் தொழுகைப் பாயில்தான் கக்குவான். ஜூலையில் தடுப்பூசி இருக்கிறது, நூம்பலில் இருக்கிற பூனை டாக்டரம்மாவிடம்.

இன்னொன்று. பூனை வலியை வெளியே காட்டாது, ஒளிந்துகொள்ளும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் "கோபமா இருக்கான்" என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் போய்விடுங்கள். எனக்கு இங்கே தூக்கம் வருவதே, நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பதால்தான்.

உங்கள் மகள்,
அலீனா


786
பாரிவாக்கம்
20.7.2025, ஞாயிறு

அன்பு மகளுக்கு அத்தாவின் சலாம்.

கடையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. ஒரு கம்பெனி தன் வேன்களுக்கெல்லாம் சீட் கவர் மாற்றச் சொல்லியிருக்கிறது. டிரங்க் ரோட்டில் மழை வந்தால் கடைக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது, அதனால் ஒரு மெஷினை வீட்டு ஹாலுக்கே கொண்டுவந்துவிட்டேன். நான் ரெக்சினை விரித்தால் போதும், பிஸ்தா துரை நடுவில் வந்து படுத்துவிடுவார். அவரைச் சுற்றித்தான் வெட்ட வேண்டியிருக்கிறது. ஒரு சீட் அவர் உருவத்துக்கே கோணலாகப் போய்விட்டது.

நீ சொன்ன விளையாட்டுக்காக, மீந்த ரெக்சினில் பஞ்சு வைத்து ஒரு எலி தைத்தேன். காது, வால் எல்லாம் உண்டு. வால்தான் கெட்டி நைலான் நூல், சீட் தைக்கிற நூலே. குச்சியில் கட்டி ஆட்டினால் சோபாவுக்கு மேலே பறக்கிறான். போட்டோ அனுப்பியிருக்கிறேன் பார். முப்பது வருடமாக லாரி டிரைவர்கள் உட்காரத்தான் தைத்திருக்கிறேன். ஒருத்தன் என் வேலையைப் பார்த்துக் குதிப்பது இதுதான் முதல் தடவை.

ஊசி போட்டாயிற்று. கூடையில் வைத்து டிவிஎஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். வேலப்பன்சாவடி சிக்னலில் நின்றபோது அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து ஆட்டோக்காரர், "அண்ணாத்தே, உள்ள கொயந்தையா கீது?" என்று இறங்கியே வந்துவிட்டார். டாக்டர் பவ்யா நகத்தைப் பார்த்தார், காதைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். "இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்களே, உங்கள மாதிரி பாத்துக்கறவங்க கம்மி சார்" என்றார். காத்திருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு 'சார்' பட்டம் கிடைத்த முதல் இடம் பூனை ஆஸ்பத்திரி.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் ஆறு தடவை சொன்னேன். ஏழாவது தடவை அவள் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டாள், விசில் சத்தத்தில் நான் பேசியது கேட்கவில்லை.

இப்படிக்கு,
அத்தா


786
பாரிவாக்கம்
24.8.2025, ஞாயிறு

அலீனாவுக்கு,

அம்மா போனில் சொன்னதும் நீ அழுதாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். போனை வாங்கவில்லை. என்ன நடந்தது என்று நீ கேட்டாயாம், எழுதுகிறேன்.

திங்கள்கிழமை பிஸ்தா சாப்பிடவில்லை. செவ்வாயும் இல்லை. இரண்டு தடவை கக்கினான். கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். நீ எழுதியது நினைவில் இருந்தது. ஆனால் வியாழக்கிழமைக்குள் வேன் வேலை முடிய வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். அம்மாவிடம், "கோபமா இருக்கான்" என்றேன். நீ விட்டுவிடாதே என்று சொன்ன அதே வார்த்தைதான்.

புதன்கிழமை மத்தியானம் அவன் பின்பக்கம் நூல் தெரிந்தது. எலியின் வாலைப் பார்த்தேன், இல்லை. அம்மாவும் நானும் நூம்பலுக்கு ஓடினோம். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நூல் குடல் முழுக்கப் போயிருக்கிறது, உடம்பில் தண்ணீர் இல்லை, இன்றைக்கு குளுக்கோஸ் ஏற்றிக் காலையில் ஆபரேஷன் செய்யலாம் என்றார். காலையில் திறந்து பார்த்தபோது குடல் மூன்று இடத்தில் கிழிந்திருந்தது. அவர்களும் மதியம் வரை பார்த்தார்கள்.

பால்கனிக்குக் கீழே முருங்கை மரத்தடியில் புதைத்தோம். இருதயராஜ் அண்ணன்தான் கடப்பாரை கொண்டுவந்து தோண்டினார். கேலி எதுவும் பேசவில்லை.

எனக்கு எழுத வரவில்லை. மன்னித்துக்கொள்.

அத்தா


மஸ்கட்
29.8.2025, வெள்ளி

அன்புள்ள அத்தாவுக்கு,

இதை நாலு நாளாக எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா, இதை அத்தாவிடம் அப்படியே காட்டு.

உங்கள் மேல் தப்பில்லை அத்தா. என் மேல்தான். பிரிட்ஜில் ஒட்டிய தாளில் வெங்காயம் எழுதினேன், பால் எழுதினேன், ஜன்னல் வலை எழுதினேன். நூல் எழுதவில்லை. தையல்காரர் வீட்டில் பூனையை விட்டுவிட்டு வருகிறவள் எதை முதலில் எழுதியிருக்க வேண்டும்? நீங்கள் அந்த எலி போட்டோவை அனுப்பினீர்கள். நான் சிவப்பு ஹார்ட் போட்டேன். வாலைப் பார்த்தேன், யோசிக்கவில்லை. தினமும் அந்தப் போட்டோவைத் திறந்து பார்க்கிறேன்.

ஹாஸ்டலுக்குப் பின்னால் ஒரு பூனைக்குட்டி கிடக்கிறது, எடுத்து வளர்க்கலாம் என்று தஸ்லீம் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு உயிரை வைத்துக் காப்பாற்ற எனக்குத் தெரியாது. சம்பளத்துக்காக அவனை விட்டுவிட்டு வந்தேன், அதற்கு இதுதான் தண்டனை. டிசம்பரில் லீவு போட்டிருந்தேன், அதையும் கேன்சல் செய்துவிடலாம் என்று இருக்கிறேன். கதவைத் திறந்தால் அவன் இருக்க மாட்டான்.

நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா சொன்னாள். உங்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். உங்களைவிட யாரும் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அலீனா


786
பூந்தமல்லி, கடையிலிருந்து
7.9.2025, ஞாயிறு

என் மகள் அலீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தை அம்மா போட்டோ எடுக்கவில்லை. அவள் படிக்கவும் இல்லை. தபாலில் போடுகிறேன். மஸ்கட்டுக்குப் பத்து நாளாவது ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் நீ என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருப்பாய் என்று ஒரு அல்ப சந்தோஷம் வருகிறது பார், அதையும் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தை அம்மா சத்தமாகப் படித்தாள். "உங்களைவிட யாரும் நன்றாக" என்ற இடத்தில் நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நீ பட்டியலில் நூலை எழுதாததால் அவன் சாகவில்லை. அதை நீ சுமக்காதே. எடுத்துக் கீழே வை. லீவைக் கேன்சல் செய்யாதே. அந்தக் குட்டிக்கு வயிறு ஒட்டியிருந்தால் ஏதாவது போடு, வளர்ப்பதும் விடுவதும் உன் இஷ்டம்.

நான் போன கடிதத்தில் பொய் எழுதவில்லை. ஆனால் நடுவில் ஒரு மணி நேரத்தை வெட்டிவிட்டேன்.

புதன்கிழமை நூல் தெரிந்தது என்றேன் அல்லவா. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். அம்மா மாவு மில்லுக்குப் போயிருந்தாள். சீட்டில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் நான் என்ன செய்வேன்? இரண்டு விரலால் பிடிப்பேன், இழுப்பேன், வராவிட்டால் வெட்டுவேன். முப்பது வருடப் பழக்கம், யோசிக்கிற வேலையே இல்லை. அவனைத் தூக்கி மடியில் வைத்தேன். அதே இரண்டு விரலால் பிடித்தேன். ஒரு சாண் வந்தது. "வந்துடுச்சிடா ராஜா, அவ்ளோதான்" என்று கூடச் சொன்னேன். அப்புறம் இறுகியது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அவன் கத்திய கத்தலை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என்னைக் கடிக்கவில்லை. கடித்திருக்கலாம். கத்தரியால் நூலை ஒட்ட வெட்டிவிட்டு, வெட்டியதைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். மூன்று மணிக்கு அம்மா வந்ததும், "கொஞ்சம் நூல் தெரியுது, டாக்டர்கிட்ட போலாம்" என்றேன்.

டாக்டர் பவ்யா அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், வெளியே தெரிஞ்ச நூலை யாராவது பிடிச்சு இழுத்தீங்களா? கரெக்டா சொல்லுங்க. இழுத்திருந்தா உள்ள அறுத்திருக்கும், நான் இப்பவே திறக்கணும். இழுக்கலைன்னா ட்ரிப் ஏத்திட்டு காலையில பண்ணலாம், அவன் தாங்குவான்."

அம்மா பக்கத்தில் நின்றாள். போன தடவை என்னைத் திரும்பிப் பார்த்தவர்களில் ஒரு பெண்மணியும் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தார். அந்த டாக்டர் என்னை 'சார்' என்று கூப்பிட்டார், மகளே. ஒரே ஒரு இடத்தில் நான் நல்ல பேர் வாங்கியிருந்தேன். தலையை ஆட்டினேன். "இல்லை மேடம்" என்றேன். அவர் நம்பினார். எழுதிக்கொண்டார். ட்ரிப் போட்டார்.

என்னை நீ என்ன வேண்டுமானாலும் சொல், போனில் சொன்னாலும் சரி, இந்தத் தடவை அம்மாவிடம் கொடுக்காமல் நானே கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் விட்டாலும் உன் பக்கம்தான் நியாயம்.

டாக்டர் கேட்ட அன்று தொண்டை வரைக்கும் வந்து, வாயைத் திறந்து நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்:

ஆமாம் மேடம், நான்தான் இழுத்தேன். இப்பவே திறங்க.

அத்தா