பாயிலர்ச் சாம்பல் தளம்

1936 பிப்ரவரி 3, திங்கள்

மில் மானேஜர் கடைசியில் இறங்கி வந்தார். மில்லின் பழைய கூடத்துக்கு மேல்தளம் போட வேண்டும்; அதன் மண்சுவர் ஜல்லி காங்கிரீட்டின் பாரத்தைத் தாங்காது. என் சாம்பல் தளத்தைத் தாங்கும் என்று மூன்று வருஷமாகக் கத்துகிறேன். பாயிலரில் கட்டிதட்டிய சாம்பலை ஜல்லிக்குப் பதிலாகப் போட்டால் பாரம் வெகுவாகக் குறையும். ஆனால் உதிரும். அதற்கு மருந்து, மதுக்கரை சிமெண்டோடு கலக்கும் சன்னமான செங்கல் தூள்.

"மொதல்ல உங்க ஊட்டுல போட்டுக் காட்டுங்க. சனிக்கிழமை வாரேன். தேறலீன்னா தகரக் கூரைதான். அப்பறம் இந்தப் பேச்சே எடுக்கப்படாது" என்றார்.

தேறாமல் என்ன? சிறு கட்டிகளாகப் போட்டு எத்தனை முறை பார்த்தாயிற்று.

பிப்ரவரி 5, புதன்

பின்கட்டு அறைக்குத் தளம் போட்டு முடிந்தது. கொத்தனார் அப்துல் குத்தூஸ் பாயும் ஆட்களும் நன்றாக உழைத்தார்கள். என் முகமெல்லாம் செங்கல் தூள். என் சம்சாரம் தெய்வாத்தாள் பார்த்துச் சிரித்தாள்.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் ஏறிக் கால் வைத்தேன். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்னும் சேறு! சிமெண்டு புதுசு. மணலைக் கழுவித்தான் போட்டோம். அப்படியானால் செங்கல் தூளா? நான் மூன்று வருஷம் நம்பியதா?

பிப்ரவரி 8, சனி

மானேஜர் கைத்தடியால் குத்தினார். தடி இறங்கியது. "களி கிண்டி வெச்சிருக்கீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். செத்துப்போயிருக்கலாம் போல இருந்தது.

சாயந்திரம் தண்ணீர் பிடித்து வைத்திருந்த பீப்பாயைக் கழுவப் போனேன். விளிம்பெல்லாம் எறும்பு. சிமெண்டு வேலைத் தண்ணீரில் எறும்புக்கு என்ன வேலை? அடியில் தங்கியதைத் தொட்டு நாக்கில் வைத்தேன். இனிப்பு.

தெய்வாத்தாளைக் கூப்பிட்டேன். பெருமையாகத்தான் சொன்னாள்: "நாந்தானுங்க ஊத்துனேன். ஆளுங்க வாரதுக்கு முன்னால வெல்லமும் கடுக்காயும் ஊறவெச்சு வடிகட்டி ஊத்துனேன். உடுமலையில எங்கப்பா ஊடு கட்டறப்ப அப்படித்தானுங்க. கல்லாட்டம் நிக்குது."

அது சுண்ணாம்புக்கு! சிமெண்டுக்கு வெல்லம் விஷமாயிற்றே. முந்தின நாள் பக்கத்தில் சலித்த செங்கல் தூள் விழுந்து தண்ணீர் ஏற்கெனவே சிவந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"கொன்னுபோட்டியே அம்மணி!" என்று கத்திவிட்டேன். அவள் முகம் வெளிறிப்போனது. கெட்டியாகட்டும் என்றுதானே ஊற்றினாள் பாவி. ஆசையாகச் செய்தவளை என்னவென்று திட்டுவேன்? ஆனாலும் ஆறவில்லை எனக்கு.

பிப்ரவரி 9, ஞாயிறு

தளத்தை வெட்டி எடுத்தோம். மானேஜரிடம் உள்ளதைச் சொல்லச் சொல்கிறார் பாய். எப்படிச் சொல்வேன்? பெண்டாட்டி மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கிறான் என்பார்கள். சொல்லமாட்டேன். தகரமே போட்டுக்கொள்ளட்டும்.

இதை அவள் காதுபடவே சொன்னேன்.

பிப்ரவரி 13, வியாழன்

என்ன எழுதுவதென்றே தெரியவில்லை.

மானேஜர் ஆளனுப்பினார். மேஜை மேல் எங்கள் வீட்டு அரிசிப் படி இரண்டும் இருந்தன! இரண்டிலும் நிறையச் சாம்பல் கலவை.

"உங்க சம்சாரம் வண்டி கட்டிக்கிட்டு வந்து வெச்சுட்டுப் போனாங்க. இதுல வெல்லத் தண்ணி, அதுல நல்ல தண்ணின்னாங்க. தொட்டுப் பாருங்க."

ஒன்றில் விரல் புதைந்தது. மற்றதைக் குத்தினால் முட்டி வலித்தது.

வெளி ஆண்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள், ஆபீஸில் அத்தனை குமாஸ்தாக்கள் நடுவே போய், "தப்பு என்னுதுங்க, அவரு கலவை மேல இல்லீங்க" என்றாளாம். மானேஜர் பார்க்கிறாரே என்றும் இல்லாமல் அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, "பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"நடுக்கந்தானுங்க. அதுக்குன்னு உங்களக் களி கிண்டுனவருன்னு சொல்ல உடறதுங்களா?"

அரிசி அளக்கப் பக்கத்து வீட்டில் படி கடன் வாங்கியிருக்கிறோம்.

மார்ச் 2, திங்கள்

மில் கூடத்துத் தளம் போன வாரம் போட்டது. இன்று மானேஜரோடு மேலே ஏறினோம், தெய்வாத்தாளும் வந்தாள். ஓரத்திலேயே தயங்கி நின்றாள். கால் வைக்கமாட்டேன் என்கிறாள்.

மானேஜர் தன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடுத்தளத்துக்கு நடந்து போய் நின்றார். "வாங்கம்மா. நல்லா மிதிச்சுப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் சாரத்தப் பிரிக்கறது" என்றார்.