பெண்பால் விகுதி

வடக்குப்பட்டு
3 ஜூன் 2025

அடியே சுபா,

லியோனில் வெயில் முப்பதைத் தொட்டுவிட்டதென்று அழுதிருந்தாய். ஒரகடம் ஜங்ஷனில் கம்பெனி பஸ்ஸுக்காகப் பத்து நிமிடம் வந்து நின்று பார். லாரிப் புழுதியைத் தின்றுவிட்டு அப்புறம் அழு. வாட்ஸ்அப்பில் எதைச் சொன்னாலும் கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஓடிவிடுகிறாய். அதனால்தான் எம்.எஸ்ஸி. லீவில் எழுதிக்கொண்ட மாதிரி, மெயிலிலேயே ஒரு கடிதம்.

என் பிரெஞ்சு வகுப்பைப் பற்றிக் கேட்டாயே. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாட்ஜின் மாடி. கீழே பழைய எண்ணெயில் மீன் வறுக்கிறார்கள். மேலே நாங்கள் பதினொரு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டே மூக்கால் பேசுகிறோம். பயோடெக்குக்கான சிறப்பு பிரெஞ்சாம். 'சென்ட்ரிஃப்யூஜின் மூடி சரியாகப் பூட்டப்படவில்லை' என்று கடகடவென்று சொல்வேன். குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது.

நேற்று லேபில் ஒரு கண்றாவி. செல் வளர்க்க உங்கள் லியோன் ஹெட் ஆபீஸ் லேபிலிருந்து பை பையாக ஒரு திரவம் வருகிறதே, அது போன வாரம் வந்தது. ஆபரேட்டர் செந்தாமரை அதைக் குடுவைகளில் ஊற்றிச் செல்லைப் போட்டாள். நேற்று திறந்தால் எல்லாம் கலங்கிக் கிடக்கிறது. ஊசிப்போன சாம்பாரில் பினாயிலைக் கொட்டிய மாதிரி நாற்றம். குளித்தும் போகவில்லை. சோற்றில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் குமட்டுகிறது. இதில் ஒரு விசேஷம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பிரிக்காமலே வைத்திருந்த ஒரு பையும் கலங்கிவிட்டது. அப்படி வைப்பதற்குப் பிரெஞ்சில் 'தெமுவான்', அதாவது சாட்சி என்று பேராமே. அந்த ஒரு சொல்லுக்காகவே உன் பிரெஞ்சை மன்னிக்கிறேன்.

மேனேஜர் தாண்டவராயன் சார் கூப்பிட்டார். "ரிப்போர்ட்ட பிரெஞ்சுலயே நீ எழுதும்மா. அக்டோபர்ல லியோன் போற ஒரு சீட்டுக்கு இதான் உனக்கு டெஸ்ட்" என்றார். எழுதிவிட்டேன், இணைத்திருக்கிறேன். திட்டாமல் திருத்திக் கொடு. அந்தச் சீட்டு எனக்கு வேண்டும் சுபா. இந்தப் புழுதியில் இன்னொரு வருஷம் என்னால் முடியாது.

உன்,
கலை

லியோன்
5 ஜூன் 2025

அடி கலை,

திட்டாமல் எப்படித் திருத்துவது? 'ஒபெராத்தர்' என்று ஆண்பாலில் எழுதியிருக்கிறாய். குடுவையைத் தொட்டது செந்தாமரை என்று நீயே சொல்கிறாய். பெண் என்றால் 'ஒபெராத்ரீஸ்'. கூடவே வினையெச்சம், பெயரடை எல்லாம் பெண்பாலுக்கு மாறவேண்டும். ஏழு இடம், சிவப்பில் போட்டிருக்கிறேன். இங்கே இந்த மாதிரிப் பிழையைப் பார்த்தால் ஆளையே மதிக்கமாட்டார்கள்.

கடைசிப் பத்தியை, அந்தப் பிரிக்காத பை விஷயத்தை, எடுத்துவிடு. முடிவுக்கு அது தேவையில்லை, படிக்கிறவரைக் குழப்பும். 'கையுறை மாற்றத் தவறியிருக்கலாம்' என்று ஒரு வரி சேர். காரணம் என்று ஏதாவது ஒன்று இருந்தால்தான் அறிக்கையை மூடுவார்கள். 'லாம்' போட்டுத்தானே எழுதுகிறோம், யாருக்கும் பாதகமில்லை.

வரும்போது அப்பளமும் வற்றலும் கட்டிக்கொண்டு வா. இங்கே சீஸ் என்ற பேரில் ஒன்றைத் தட்டில் வைக்கிறார்கள், செத்த எலி தோற்றது. அதைச் சிரித்துக்கொண்டே விழுங்க இரண்டு வருஷமாகப் பழகியிருக்கிறேன். நீ வந்தால் நாம் இரண்டு பேருமாக முகத்தைச் சுளிக்கலாம்.

உன்,
சுபா

வடக்குப்பட்டு
9 ஜூன் 2025

என் தங்க சுபா,

நீ சொன்னபடியே திருத்தி அனுப்பிவிட்டேன். தாண்டவராயன் சார் கைகுலுக்கினார். 'உள்ளூர்க்காரி எழுதியதா, நம்பவே முடியவில்லை' என்று உங்கள் ஆட்கள் எழுதினார்களாம். அந்தப் புகழ்ச்சியில் ஒரு நெடி இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் இரண்டு நாளாகத் தரையில் கால் பாவவில்லை. அந்தப் பத்தியை வெட்டியது மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்துகிறது. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அப்பளம் எத்தனை கட்டு வேண்டும்?

கலை

வடக்குப்பட்டு
17 ஜூன் 2025

சுபஸ்ரீ,

செந்தாமரையை நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை வாலாஜாபாத்திலிருந்து எப்போதும்போல பஸ்ஸில் வந்திருக்கிறாள். கேட்டில் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். செக்யூரிட்டி ரூம் பக்கத்தில் நின்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா மேடம், நான் கிளவுஸ் மாத்தலன்னு யாரோ எழுதிக்கிறாங்களாமே? மாத்திக்கினு தான் மேடம் உள்ள போனேன். ரிப்போர்ட்ல யார் பேரும் இல்லன்றாங்க. அப்பறம் எப்டி மேடம் என்னைக் கண்டுபுடிச்சாங்க?"

எப்படி என்று நான் சொல்லவா? அன்று அந்த அறையில் மூன்று ஆபரேட்டர்கள். மாரி, பாபு, செந்தாமரை. அவள் ஒருத்திதான் பெண். தமிழில் எழுதியிருந்தால் ஆபரேட்டர் என்பது மூன்று பேரில் எவராகவும் இருந்திருக்கும். நான் பிரெஞ்சில், பிழையில்லாமல், ஏழு இடத்திலும் பெண்பால் விகுதி போட்டு எழுதினேன். அவள் பேரை எழுதாமலே அவளைக் காட்டிக்கொடுத்தேன். அதற்குத்தான் எனக்குக் கைகுலுக்கல்.

அவளிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விசாரிக்கிறேன்" என்றேன். சீ! வாயெல்லாம் கசந்தது.

விசாரிக்கவும் செய்தேன். லேபுக்குப் போய் அந்தத் திரவப் பையோடு வந்த சான்றிதழை எடுத்தேன். 'சோதிக்கப்பட்டது, கிருமி இல்லை' என்று போட்டு, கீழே உன் கையெழுத்து. பிரிக்காத பை ஏன் படிக்கிறவரைக் குழப்பும் என்று அப்போதுதான் புரிந்தது. சோதித்தாயா சுபஸ்ரீ, இல்லை அவசரத்தில் போட்ட கையெழுத்தா? எதுவாயிருந்தாலும் என்னிடம் சொல்லியிருக்கலாம். இலக்கணம் சொல்லித்தருகிற சாக்கில் என் கையாலேயே அதைத் துடைக்க வைத்தாயே, அதை நினைத்தால் குமட்டுகிறது.

உன்னை மட்டும் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. இங்கே யார் கையும் படாத அந்தப் பை கலங்கியிருந்ததை இரண்டு கண்ணாலும் பார்த்தவள் நான். பத்தியை எடுக்கும்போது லியோன்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. கண்ணாடியைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

இன்று காலை திருத்திய அறிக்கையை இங்கேயும் உன் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டேன். பிரிக்காத பையைச் சேர்த்தேன். கையுறை வரி பொய் என்று எழுதினேன். சான்றிதழில் இருப்பது யார் கையெழுத்து, பத்தியை எடுக்கச் சொன்னது யார், எடுத்தது யார், எல்லாம் பேரோடு எழுதினேன். உன் ஐந்தாம் தேதிக் கடிதத்தையும் முழுதாக மொழிபெயர்த்து இணைத்திருக்கிறேன். செத்த எலி உட்பட.

இனி எனக்கு எதையும் திருத்தித் தர வேண்டாம்.

கலைமணி

லியோன்
2 ஜூலை 2025

கலைமணிக்கு,

கேட்டதற்குப் பதில்: சோதிக்கவில்லை. அந்த வாரம் ஆள் இல்லை, பைகள் போயாக வேண்டும் என்றார்கள், போட்டேன். அவள் தலையில் விழும் என்று தெரியாது என்று எழுத உட்கார்ந்தேன். அதுவும் பொய். யார் தலையிலாவது விழும் என்று தெரியும். உன் தலையில் விழாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். எனக்கும் என்னைப் பிடிக்கவில்லை, உன்னையும் பிடிக்கவில்லை.

செந்தாமரையைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி இங்கிருந்து எழுதியாயிற்று. அக்டோபர் சீட்டை வேறு ஊர்க் கிளைக்குக் கொடுத்துவிட்டார்கள். என் வேலை இந்த மாதத்தோடு சரி.

திங்கட்கிழமை கூட்டத்தில் என் கடிதத்தை வைத்தார்கள், தமிழும் உன் பிரெஞ்சும் பக்கத்தில் பக்கத்தில். கட்டிடம் முழுக்கத் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் மொழிபெயர்ப்பு சரியா என்று என்னிடமே கேட்டார்கள். 'லாம்' எல்லாம் தப்பாக வந்திருக்கிறது, நான் சொன்னதே வேறு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். இரண்டு முறை படித்தேன்.

சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சுபஸ்ரீ