நீ அனுப்பிய டாப் லிங்க் ஒழுகவில்லை

அன்பு மகள் பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்கிறோம், அதற்குப் பெயர் சௌக்கியம் என்றால் சௌக்கியம்தான். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, கோழி கிளறியது மாதிரி இருந்தாலும் உனக்குப் புரியும். போனில் பேசாமல் எதற்கு இந்தக் கடிதம் என்று கேட்பாய். போன் என்றால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடு என்பார். இது அவர் காதில் விழக்கூடாத பேச்சு. இப்போது டீசல் அடிக்கப் போயிருக்கிறார், அவர் திரும்புவதற்குள் எழுதிவிட வேண்டும், அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். சமையலறைக் குழாய் மாற்றியாகிவிட்டது, உன் அறை ஜன்னல் இன்னும் சாத்த வரவில்லை, என் இடுப்பு வலி அப்படியேதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய ஹைட்ராலிக் டாப் லிங்க்கை மாட்டி இரண்டு மாதம் ஆகிறது. அது வந்த அன்று அப்பா பார்சலைப் பிரித்த அழகை உனக்குச் சொன்னேன், அட்டைப்பெட்டியைக்கூடத் தூக்கிப் போட விடவில்லை. வீடியோவில் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு ட்ராக்டரை விட்டு இறங்குவதைப் பார்த்துத்தான் நீ வாங்கினாய், அது எனக்குத் தெரியும். நீ சின்ன வயதில் உள்ளே உட்கார்ந்து கப்பல் விட்டாயே அந்த அடியில்லாத இரும்புப் பெட்டி, ட்ராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணை மட்டம் செய்கிற அந்த பாக்ஸ் பிளேடை வைத்துத்தானே நம் வீட்டில் உலை கொதித்தது. அதன் உச்சியைப் பிடித்திருக்கும் பழைய திருகு லிங்க்கோடு அவர் பட்ட பாடு உனக்கு மறந்திருக்காது. மண்ணைக் கிளற வேண்டுமென்றால் அதைக் குறுக்க வேண்டும், பெட்டி முன்னால் குனிந்து பல்லெல்லாம் உள்ளே இறங்கும். பரப்பித் தடவ வேண்டுமென்றால் நீட்ட வேண்டும், பெட்டி பின்னால் சாயும். ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தி, இறங்கி, பின்னால் போய், சுற்றி, திரும்ப ஏற வேண்டும், ஒரு வாசலுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. நீ அனுப்பியதை மாட்டியபிறகு சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு லீவரைத் தொட்டால் போதும், பெட்டி குனிகிறது, நிமிர்கிறது. முதல் வாரம் போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு அதைக் குனிய வைத்து நிமிர வைத்துக் காட்டினார். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை.

போன மாதம், அதை மாட்டியபிறகு வந்த முதல் மட்டம் செய்கிற வேலையாக, உளி மாமாவின் மரப்பட்டறை வாசலுக்குப் போனார். நீ வைத்த பெயரில்தான் அந்தத் தச்சரை இப்போது நாங்களும் கூப்பிடுகிறோம், அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறார். பட்டறைக் கதவிலிருந்து தெருச் சாக்கடைப் பக்கம் தண்ணீர் ஓடுகிற மாதிரி வாட்டம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, தூக்கத்தில்கூட அப்பா செய்வார். மத்தியானம் சாப்பாடு கொண்டுபோன நான் சுவர் ஓரம் நின்று பார்த்தேன். ஒரு தடவைகூட அவர் கீழே இறங்கவில்லை, ராஜா மாதிரி உட்கார்ந்து லீவரை இழுத்துக்கொண்டிருந்தார். பாவம் முட்டிக்கு ஓய்வு என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாள் பெய்தது பார் ஒரு மழை, வாசல் தண்ணீர் முழுக்கத் தெருவுக்குப் போகாமல் பட்டறைக்குள் போய்விட்டது. வாட்டம் தலைகீழாக இருந்திருக்கிறது, கதவுப் பக்கம் ஒரு சாண் பள்ளம். ஒரு பள்ளிக்கூடத்துக்காக உளி மாமா செய்து அடுக்கி வைத்திருந்த அலமாரிகளெல்லாம் அடியில் ஊறி, பலகை உப்பி, கதவு மூடாமல் நின்றன. உளி மாமா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. யானைக்கும் அடி சறுக்கும்யா, விடு என்றார். அடுத்த வாரம் காலையில் நாங்கள் அந்த வழியாகப் போனபோது வாசலில் வேறொருவர் ட்ராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நின்று பார்த்தார், வந்த வழியே திரும்பி நடந்தார். முப்பது வருஷத்துச் சிநேகிதம், பாப்பா. திட்டியிருந்தால்கூட இவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்றிலிருந்து பார்க்கிறவரிடமெல்லாம் ஒரே பாட்டு. டாப் லிங்க்ல எண்ணெய் ஒழுகுது, மண்ணு எதிர்த்துத் தள்ளத் தள்ள அது தானா சுருங்கிடுது, நான் வச்ச இடத்துல நிக்க மாட்டேங்குது, அதான் பெட்டி குனிஞ்சு தோண்டிடுச்சு என்று. டீக்கடையில் சொன்னார், பங்க்கில் சொன்னார், என்னிடம் தினம் சொல்கிறார். உன்னிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஆனாலும் நீ அனுப்பிய பொருளைப் பழி சொல்கிறார் என்றால் எனக்கு மனசு ஆறவில்லை. ஒருநாள் அவர் டயர் விஷயமாக வெளியே போயிருந்தபோது, பெட்டி தூக்கி நின்ற நிலையிலேயே, அந்தப் பளபளக்கும் தண்டு குழாயை விட்டு வெளியே வருகிற இடத்தில் நீ விட்டுப்போன நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டேன். காலை ஒன்பது மணிக்குப் போட்ட கோடு சாயங்காலம் ஆறு மணிக்கும் அங்கேயே இருந்தது, முடி அளவு நகரவில்லை. அத்தனை எடை தொங்கியும். அதுவும் போதாதென்று, எண்ணெய்க் குழாய் மாட்டுகிற ஹோஸ் கடைக்காரரை வரவழைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் அழுத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு, அம்மா, இது கல்லு மாதிரி நிக்குது, இதுல ஒரு குறையும் இல்ல என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம்தான் நான் மற்றதையெல்லாம் கவனிக்க ஆரம்பித்தேன். தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் கை தடவுகிறது. நான் இடது பக்கம் நின்றால் எங்கே போனே என்று கூப்பிடுகிறார். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், துணைக்கு வாங்க என்று பொய் சொல்லிக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ஒரு மெஷினுக்குள் தலையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கடைசியில் வந்த தாளில் நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. கண்ணில் அழுத்தம் ஏறி ஓரப் பார்வையெல்லாம் போயிருக்கிறது, பல வருஷமாக. போனது திரும்பாதும்மா, இருக்கறதை மருந்து ஊத்திக் காப்பாத்தலாம் என்றார் டாக்டரம்மா. அப்பா வெளியே வந்து, மருந்து விக்கறதுக்கு ஒரு கதை என்றார். ஆனால் இரண்டு வேளையும் சொட்டு மருந்தை மறக்காமல் போட்டுக்கொள்கிறார்.

பல வருஷமாகப் பார்வை இல்லாதவர் போன மாதம் வரை எப்படி மட்டம் தவறாமல் வேலை செய்தார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தபோது சட்டென்று புரிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பழைய திருகைச் சுற்ற இறங்குகிற மனுஷன் சுற்றிவிட்டுச் சும்மா ஏறினதில்லை. குந்தி உட்கார்ந்து கன்னத்தை மண்ணில் வைக்காத குறையாகப் பார்ப்பார், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசலின் அந்தக் கோடி வரை நடந்துவிட்டு வருவார். காலால்தான் பார்த்திருக்கிறார், பாப்பா. அவருக்கே தெரியாமல். லீவர் வந்ததும் இறங்குகிற வேலை இல்லாமல் போயிற்று, மேலே உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் பெட்டி தெரிந்தால் வாசல் தெரியாது, வாசல் தெரிந்தால் பெட்டி தெரியாது. இதைப் படித்துவிட்டு ஐயோ நான் அனுப்பியதால்தானே என்று நீ அழக்கூடாது, சொல்லிவிட்டேன். நீ முட்டியைப் பார்த்தாய், நானும் முட்டியைத்தான் பார்த்தேன். கூடவே குடும்பம் நடத்துகிற எனக்கே கண் போனது தெரியவில்லை, கடல் தாண்டி இருக்கிற உனக்கு எப்படித் தெரியும்.

இப்போது நான் கேட்கப்போவது இதுதான். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது லிங்க் ஒழுகுது என்று அவர் சொன்னால், நீ ஆமாம்ப்பா, அந்தக் கம்பெனி சாமான் சரியில்லையாம், நான் விசாரிக்காம வாங்கிட்டேன், என் தப்புதான், கழட்டிப் போட்டுட்டுப் பழசையே மாட்டுங்க என்று சொல்லிவிடு. நீ செய்யாத தப்பைத் தலையில் தூக்கச் சொல்கிறேன், எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படிச் சொன்னால் அவர் முகம் கெடாமல் பழைய திருகுக்குப் போவார், பழையபடி இறங்குவார், நடப்பார், மட்டம் வரும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இதற்கு மேல் எழுதுவது மறுநாள் மத்தியானம். நேற்று இந்த இடத்தில் வாசலில் சத்தம் கேட்டுக் காகிதத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் சொருகிவிட்டு எழுந்தேன். அப்பா நடந்து வந்தார். ட்ராக்டர் இல்லை, கையில் சாவி மட்டும். சட்டையெல்லாம் வியர்வை, நாற்காலியில் உட்கார்ந்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. சாவியைத் திருப்பிக்கொண்டே சொன்னார். பங்க்கிலிருந்து வரும்போது இடது பக்கம் ஒரு பெண் சைக்கிளில் வந்திருக்கிறாள். இவர் கண்ணில் அவள் படவே இல்லை, அலறல் கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தாராம். அவள் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்து கிடந்தாள், கையில் சிராய்ப்பு, அதோடு போயிற்று, கடவுள் காப்பாற்றினார். உன் வயசு இருக்கும் என்றார், இரண்டு தடவை சொன்னார். அவளைத் தூக்கிவிட்டு, அங்கிருந்து பக்கத்தில்தானே உளி மாமா பட்டறை, வண்டியை அந்த வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறார். லிங்க் மேல தப்பில்லய்யா, எனக்குக் கண்ணு தெரியல என்று அவரிடம் சொல்லிவிட்டாராம். உளி மாமா டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தப் புது ஆளும் ஒண்ணும் கிழிக்கல, நேத்து மழைக்குத் தண்ணி நடுவாசல்லயே நிக்குது என்றாராம். சொல்லும்போது அப்பா கொஞ்சம் சிரித்தார். அப்புறம் அழுதார். உன் பாட்டி போனபோதுகூட நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றேன். பழைய திருகையே மாட்டிக்கலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன். மட்டம் வந்துடும், வழியில வர்ற ஜனம் எப்படித் தெரியும் என்று கேட்டார். சாவியை என் கையில் வைத்து, எங்கயாவது வை, எனக்குத் தெரிய வேணாம் என்றார்.

பிறகு, என்ன எழுதிக்கிட்டிருந்தே, அரிசி டப்பா பக்கத்துல காகிதம் தெரியுது என்றார். நேராக இருப்பதெல்லாம் அவருக்கு இன்னும் தெரிகிறது. பாப்பாவுக்கு வழக்கமான சேதிதான் என்றேன். அப்படின்னா ஒண்ணு சேத்துக்க, அவ அனுப்பினது நல்ல சாமான், ஒரு சொட்டு ஒழுகல, நான்தான் ஊரெல்லாம் அவ சாமானைப் பொய்ப் பழி சொல்லிட்டுத் திரிஞ்சேன்னு எழுது என்றார். அதை நீங்களே சொல்லுங்க என்றேன். ஞாயிற்றுக்கிழமை சொல்றேன் என்றார். மேலே நான் உன்னைப் பொய் சொல்லச் சொன்னதை அடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், அடித்தாலும் வெளிச்சத்தில் வைத்துப் படித்துவிடுவாய், அப்படியே இருக்கட்டும். அந்தப் பேச்சு இனி வேண்டாம்.

இந்தக் கண் நோய் பிள்ளைகளுக்கும் வரலாமாம், டாக்டரம்மா உன்னைப் பற்றிக் கேட்டார். நீயும் இந்த வாரமே கண்ணைக் காட்டிவிட்டு எனக்குச் சொல், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு. லீவு கேட்டு ஓடி வருகிறேன் என்று இப்போது நிற்காதே, உன்னைப் பார்த்தால் அவர் மறுபடி ஒன்றும் இல்லாத மாதிரி நடிப்பார். ஒன்றே ஒன்று மட்டும் செய். ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்ல ஆரம்பிக்கும்போது பரவால்லப்பா என்று சொல்லிவிடாதே. உளி மாமா சொன்னார், டாக்டரம்மா சொன்னார், நானும் சொன்னேன், எல்லோரும் அவரிடம் பரவாயில்லை என்றே சொல்லிவிட்டோம். நாற்பது வருஷம் செய்த வேலை போகிறது, பாப்பா, எப்படிப் பரவாயில்லை. அவர் நடுவில் நிறுத்தினால் நீ பேசாதே, போன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்று கத்தாதே, அவர் மறுபடி ஆரம்பிக்கும் வரை அந்தப் பக்கம் இரு.

நோய் நொடி இல்லாமல், நல்லவர்கள் நடுவில், மனசு நிறைந்து நீ நீண்ட நாள் வாழ வேண்டும். அப்பாவின் ஆசியும் இதில் உண்டு, இப்போதுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

என்றும் உன்
அம்மா