விட்டத்தைக் காட்டும் போன்

அன்பு மகனுக்கு,

உன் அம்மா எழுதிக்கொள்வது. எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. இதற்குள் இரண்டு தடவை எழுந்து போய் உன் பெண்டாட்டி மூச்சு விடுவதைப் பார்த்துவிட்டு வந்தேன். போனில் சொல்லலாம்தான். இந்த இரண்டு அறை வீட்டில் எந்த மூலையில் பேசினாலும் அவள் காதில் விழும். அதனால்தான் விடுப்பு முடிந்து அங்கே திரும்பும் உன் நண்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நிமோனியா என்று மருந்துக்கு மேல் மருந்து கொடுத்தும் அவளுக்கு இருமல் அடங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். புதிதாகப் பார்த்த டாக்டரம்மா, புறா வளர்க்கிறீர்களா, சுவரில் பூஞ்சை உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இடது பக்கம் கீழே இருந்த நிழல் மறைந்து, வலது பக்கம் மேலே வந்திருந்தது. நுரையீரலிலிருந்து ஒரு துளி சதை எடுத்துச் சோதித்ததில் கிருமியும் இல்லை, புற்றும் இல்லை. நுரையீரல் தானாகவே புண்ணாகி வீங்குகிறதாம். அதற்கு ஸ்டீராய்டு மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தக் கூடாது என்றார்.

ஒரே வாரத்தில் மாடிப்படி ஏறினாள். அந்த மாத்திரையால் போகப் போக முகம்தான் உப்பிவிட்டது. அன்றைக்கு வீடியோவில் அவளைப் பார்த்து, "யாரும்மா இது, நம்பர் மாறிக் கூப்பிட்டுட்டேனா?" என்று சிரித்தாய். அவளும் சிரித்தாள். நானும் பல்லைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவள் உனக்குக் காட்டியது விட்டத்தை மட்டும்தான். கவனித்தாயா?

முகம் வற்றத் தொடங்கியதும் மருந்து வேலை செய்கிறது என்று பூரித்துப்போனேன், நான் ஒரு மடச்சி. பிறகு ஒரு நாள் துணி உலர்த்தப் போனவள் பாதிப் படியிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டாள். சந்தேகப்பட்டுத் தேடினால், விழுங்காத மாத்திரைகள் தையல் பெட்டியில் பொத்தான்களோடு கிடந்தன. கேட்டதற்கு, "அவர் வர்றதுக்குள்ள பழைய முகம் வந்துடணும் அத்தை" என்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

நிழல் திரும்பி வந்திருக்கிறது. டாக்டரம்மா கண்டித்துவிட்டு, மறுபடி முதல் அளவிலிருந்து தொடங்கியிருக்கிறார். முகம் திரும்பவும் உப்பும். இனியும் நிறுத்தினால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடுமாம், அப்புறம் மருந்துக்குக் கேட்காதாம். என் எதிரே விழுங்குகிறாள். நான் வேலைக்குப் போன பிறகு? கடைக் கல்லாவில் உட்கார்ந்தாலும் மனசு வீட்டிலேயே கிடக்கிறது. மீதிச் சில்லறையைத் தப்புத் தப்பாகக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த முறை கூப்பிடும்போது விட்டத்தோடு பேசிவிட்டு வைத்துவிடாதே. முகத்தைக் காட்டச் சொல். அழகாக இருக்கிறாய் என்று புளுகாதே, கண்டுபிடித்துவிடுவாள். மாத்திரை போட்டாயா என்று கேள். சிரிக்காமல் கேள். அவள் பதில் சொல்லும்வரை பார்த்துக்கொண்டே இரு.

நேரத்துக்குச் சாப்பிடு, நல்லபடியாக இரு. நீ வரும் நாளில் எந்த முகத்தோடாவது அவள் வாசலில் வந்து நிற்கட்டும். எனக்கு அது போதும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா