அரத்தால் போட்ட கோடு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் குட்டியும் நலம். வண்டிதான் நலமில்லை. உங்கள் கப்பலில் போன் எடுக்காது என்பதால் எல்லாவற்றையும் எழுத்தில்தான் கொட்ட வேண்டியிருக்கிறது. கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

உங்கள் தம்பி மேல் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, உங்களுக்கே தெரியும்.

போன வாரம் நானும் குட்டியும் இரண்டு நாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். ஜீப்பை ஷெட்டில் விட்டு, சாவியை வீட்டிலிருந்த அவனிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திங்கட்கிழமை காலை வழக்கம்போல எஞ்சின் ஆயில் பார்த்தேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியேதான்: சமமான தரை, சூடேறாத எஞ்சின், ஆயில் அளக்கும் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பது. மேல்கோட்டில் நிற்க வேண்டிய ஆயில் ஒரு விரல் கீழே நிற்கிறது. மூன்று வருடத்தில் ஒரு நாளும் இப்படி இறங்கியதில்லை. தரையில் ஒரு சொட்டு இல்லை, புகையும் இல்லை. அப்புறம் ஆயில் எங்கே போகும்? கால் முளைத்தா போகும்?

இன்னொன்றையும் கேளுங்கள். நீங்கள் கிளம்புவதற்கு முன் கரடுமுரடான மலைப்பாதைக்கு என்று ஜீப்பை நாலு அங்குலம் உயர்த்திக் கொடுத்தீர்களே, அன்றிலிருந்து நாற்பதைத் தாண்டினால் காலடியில் ஒரு நடுக்கம் வருகிறது என்று எழுதியிருந்தேன். ஓட ஓடச் சரியாகிவிடும் என்று பதில் போட்டீர்கள். எட்டு மாதம் ஓடியும் சரியாகவில்லை. நான் ஊரில் இல்லாத இந்த இரண்டு நாளில் அந்த நடுக்கம் போன இடம் தெரியவில்லை. தம்பியைக் கேட்டால், தானாகச் சரியாகியிருக்கும் அண்ணி என்கிறான். தானாகச் சரியாகிற வண்டியை நான் இந்த ஜென்மத்தில் பார்த்ததில்லை. அடியில் எதையோ கழற்றி எதையோ மாட்டியிருக்கிறான்.

எல்லாவற்றையும் விட மோசம், ஆயில் குச்சி. மேல்கோட்டுக்கு ஒரு விரல் கீழே, அரத்தால் தேய்த்துப் புதிதாக ஒரு கோடு! ஆயில் சரியாக அந்தக் கோட்டில் நிற்கிறது. ஆயிலை எடுத்தவன்தானே அளவையும் மாற்றுவான்? குச்சியை அவன் மூக்குக்கு நேராக நீட்டிக் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். “அந்தக் கோடுதான் இனிமே கணக்கு அண்ணி. அண்ணன் வந்ததும் நானே சொல்றேன்” என்றான். என்னிடம் சொல்ல முடியாததை உங்களிடம் மட்டும் என்ன சொல்லப்போகிறான்?

செவ்வாயும் வெள்ளியும் நர்ஸம்மாவையும் மருந்துப் பெட்டிகளையும் மலைக்கு ஏற்றிப் போகிறேன். இறங்கும்போது நோயாளிகள் வருகிறார்கள். அந்த ஏற்றத்தில் வண்டி மக்கர் பண்ணினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிலில் ஒரு வரி அவனைப் பற்றியும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கூடப் பிறந்த பாசம் கண்ணை மறைக்கத்தான் செய்யும். நான் தினமும் பார்க்கிறவள்.

உதிரிபாகக் கடையில் புதுக் குச்சி ஒன்று வாங்கி, அவனுக்குத் தெரியாமல் மாட்டிவிட்டேன். பழையதைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் என் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீங்கள் வந்ததும் சாட்சிக்கு வேண்டும். புதுக் குச்சியின் மேல்கோடுவரை ஆயில் ஊற்றி, பானெட்டுக்கு ஒரு பூட்டும் போட்டேன். பூட்டைப் பார்த்ததும் அவன் முகம் தொங்கிப்போயிற்று. குற்றமுள்ள நெஞ்சு இல்லாமல் ஏன் தொங்க வேண்டும்?

பூட்டிய பிறகும் ஆயில் இறங்குகிறது என்றால் நம்புவீர்களா? வாரத்துக்கு இரண்டு முறை ஊற்றுகிறேன். இப்போது தரையிலும் சொட்டு இருக்கிறது, பின்னால் நீலப் புகையும் வருகிறது. நேற்று நான் கடைக்குப் போய்த் திரும்பினால், இவன் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறான். மேலே பூட்டியதால் கீழ்வழியாக வருகிறான் பாருங்கள். என் செருப்புச் சத்தம் கேட்டு வெளியே வந்து, “அண்ணி, ஆயில் ஏதும் ஊத்தினீங்களா?” என்று கேட்டான். ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை என்று சொல்லிவிட்டேன். என் வண்டிக்கு நான் ஊற்றியதை அவனிடம் ஏன் சொல்ல வேண்டும்? அவன் குழம்பிப்போய் மறுபடி அடியில் போய்விட்டான்.

ஷெட்டின் உள்சுவரில் சாக்பீஸால் எண்கள் எழுதி வைத்திருக்கிறான். இருபத்தொன்று, பதினாலு, ஏழு, அப்புறம் ஒரு பெரிய வட்டத்துக்குள் ஐந்து. குட்டி அது சித்தப்பாவின் கணக்குப் பாடம் என்கிறாள். முப்பத்தொரு வயசு ஆளுக்கு என்ன கணக்குப் பாடம்? யாருக்கோ ஏதோ குறிப்பு எழுதி வைத்திருக்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது. பக்கத்தில் ஆணியில் ஒரு பாகைமானி தொங்குகிறது, அதில் நூல் கட்டி, நூல் முனையில் ஒரு நட்டு. இது என்ன மாந்திரீகமோ.

என்னால் இனி முடியாது. ஒரே வீட்டில் ஒருவனுக்குப் பயந்து சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சமைக்க முடியவில்லை. அவனை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி நீங்களே ஒரு கடிதம் போடுங்கள். நான் சொன்னால் சண்டையாகிவிடும். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

உங்கள் மனைவி


அன்புத் தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். கிழித்துப் போடாதே. பதினோரு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுக்காததும் நியாயம்தான். நீ பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று குட்டி சொன்னாள். அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை.

உன் அண்ணன் கடிதம் வந்த அன்று நீ அதைப் படித்து நாலாக மடித்துப் பையில் வைத்தாய். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரண்டு சட்டையோடு கிளம்பினாய். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்போது அதையும் கள்ளத்தனம் என்றுதான் நினைத்தேன்.

நீ போன ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை, மூன்றாவது வளைவில் கிளட்ச் வழுக்கிவிட்டது. எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை, பின்னால் போகிறது. பிரேக்கை மிதித்தும் சரளையில் சக்கரம் இழுத்துக்கொண்டே போயிற்று. நர்ஸம்மா குதித்து இறங்கி சக்கரத்துக்கு அடியில் கல்லைத் தள்ளினார். பள்ளத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் என் இரண்டு எட்டு தூரம்தான் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கட்டி இழுத்து, கீழே சந்தை ரோட்டு மீசைக்காரர் பட்டறைக்குக் கொண்டுபோனோம். யாரோ ஆயிலைத் திருடி என் எஞ்சினைக் கெடுத்துவிட்டார்கள் என்று அவரிடமும் உன்னைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். அவர் அடியில் போய் வெகுநேரம் கழித்து வெளியே வந்து, ஆயில் குறைவில்லை, ஒன்றரை லிட்டர் அதிகம் என்றார். அதிகமானதால் நுரைத்து, ஆயில் ஒழுகாமல் தடுக்கும் பின்பக்க ரப்பர் சீலைத் தள்ளிக்கொண்டு கிளட்சில் ஒழுகியிருக்கிறதாம். பிறகு, கியர்பாக்ஸை இறக்கி வைத்தது யார் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டியை உயர்த்தியதும் பின் அச்சுக்குப் போகிற ஷாஃப்ட் அளவுக்கு மீறிச் சாய்ந்துவிட்டதாம், நடுக்கம் அதனால்தானாம். யாரோ கியர்பாக்ஸைக் கட்டை வைத்து இறக்கி, பின்பக்க ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் சாய்வுத் தகடு கொடுத்து, அந்தக் கோணத்தைச் சரிசெய்திருக்கிறார்கள் என்றார்.

“டிகிரி டிகிரியா அளந்து செஞ்சிருக்காம்மா. கியர்பாக்ஸ் இறங்கினா எஞ்சின் பின்னால சாயும், முன்னால இருக்கிற குச்சி கம்மியாத்தான் காட்டும். இவ்வளவு செஞ்சவன் குச்சில புதுசா கோடு போடாம விட்டிருக்க மாட்டானே. அந்தக் குச்சி எங்க?”

அலமாரியில், புடவைக்கு அடியில் இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

ஷெட் சுவரின் எண்கள் இப்போது எனக்கும் புரிகிறது; பாகைமானியில் நூல் கட்டி நீ அளந்த சாய்வுக் கணக்கு அது. நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் புரிகிறது. அண்ணன் அளக்காமல் உயர்த்தினார் என்று அவர் பெண்டாட்டியிடம் சொல்ல உனக்கு மனசு வரவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்டா. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை என்று உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவள் நான். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் நீ ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பாய். உன் அண்ணனுக்கும் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், சுற்றி வளைக்காமல்தான்.

மீசைக்காரர் சீலும் கிளட்சும் மாற்றிக் கொடுத்துவிட்டார். பழைய குச்சியை மாட்டி, நீ போட்ட கோடுவரைதான் ஆயில் வைத்திருக்கிறேன். உன் அறையைக் கூட்டி, பாயை வெயிலில் போட்டு எடுத்தேன். உன் ஸ்பானர்களைக் குட்டி பெரியது சிறியது என்று வரிசையாக அடுக்கியிருக்கிறாள், யாரையும் தொடவிடுவதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மலைக்குப் போயாக வேண்டும், நர்ஸம்மா கேட்டுவிட்டார். பானெட்டை நேற்றுத்தான் மறுபடி பூட்டினேன். சாவி இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு சாவியைச் சாக்கடையில் போட்டுவிட்டேன், சந்தேகப்படாதே, நிஜமாகவே போட்டுவிட்டேன். ஆயில் பார்க்காமல் நான் வண்டி எடுக்கமாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில், வண்டி சூடேறுவதற்கு முன், இங்கே இரு.

அண்ணி