எதுவும் கறுக்கவில்லை

நாள் 1
07:10. விலங்கு அறை. வெப்பம் 24 டிகிரி.

இன்று முதல் இந்தக் குறிப்பேட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். பார்க்காததை எழுத மாட்டேன். பார்த்ததை விட மாட்டேன். என் பெயர் அங்கயற்கண்ணி, எல்லோரும் கூப்பிடுவது கயல். வயது பதின்மூன்று, எட்டாம் வகுப்பு. செவ்வாயில் உள்ள எங்கள் நிலையத்தில் முப்பத்தொரு பேர் இருக்கிறோம். இங்கேயே பிறந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பிரசவத்தில் அம்மா பிழைக்கவில்லை. இந்த மண்ணில் குட்டி போடுவது எப்படி நடக்கிறது என்று அறியத்தான் குள்ளப் பச்சோந்திகளைக் கொண்டுவந்தார்கள். மற்ற பச்சோந்திகளில் பல முட்டையிடும், இவை குட்டி போடும். அவற்றைப் பார்த்துக்கொண்ட பத்மாசினி அக்கா பூமிக்குத் திரும்பிவிட்டதால் பொறுப்பு என்னுடையது.

மொத்தம் ஆறு. ஒவ்வொன்றும் என் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒன்றையொன்று பார்த்தாலே பதறும், அதனால் தனித்தனிப் பெட்டி, நடுவில் அட்டை. கிண்ணத்தில் வைத்த தண்ணீரைக் குடிக்காது, இலையில் தெளிக்க வேண்டும். பழ ஈக்களைக் கால்சியம் பொடியில் புரட்டி விட வேண்டும். விளக்கு எரிந்தால் பகல், அணைந்தால் இரவு. இங்கே அவற்றுக்கு வேறு கடிகாரம் இல்லை. தூங்கும்போது வெளிறும். பயந்தாலோ வலித்தாலோ கறுக்கும். பொய் சொல்லத் தெரியாத பிராணி.

07:32. நிலையத் தலைவர் ஜெபராஜ் அங்கிள், இருவழி ஒலிபெருக்கியில்: "என்ன பல்லி டாக்டரம்மா, இன்னைக்கு ஓபி எத்தனை பேரு?" ஆறு என்றேன். "டோக்கன் போட்டு உள்ள விடும்மா, முண்டியடிக்கப் போறாங்க."

நாள் 9
11:05. வெப்பம் 24.

பெண் பச்சோந்திகளில் ஒன்றான முந்திரி குட்டி போட்டது. பதினொன்று. ஒவ்வொன்றும் ஒட்டும் சவ்வுக்குள் சுருண்டு இலைமேல் விழுகிறது, உதைத்துக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து நடக்கிறது. நகம் அளவுதான். தாய் நலம். இதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்: தாய் நலம்.

12:40. குட்டிகளை உடனே பிரிக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. பத்தைப் பிரித்தேன். ஒன்று இலைக்கு அடியில் இருந்ததை நான் பார்க்கவில்லை. அது அசைந்தது. முந்திரியின் நாக்கு வந்தது. மென்று விழுங்க நான்கு விநாடி. தாய்க்கு அது தன் குட்டி என்று தெரியாது, அசைகிற சின்னப் பொருள் அவ்வளவுதான். அதுவும் நடந்ததுதான், எனவே எழுதினேன்.

நாள் 22
16:15. வெப்பம் 19.

புழுதிப் புயலின் பத்தாவது நாள். சூரியத் தகடுகளிலிருந்து பாதிக்கும் குறைவாகத்தான் மின்சாரம் வருகிறது. பூமியிலிருந்து அடுத்த கப்பல் வர இன்னும் எண்பத்தெட்டு நாள். விலங்கு அறைக்கு இனி ஒரே விளக்கு. அதைச் சுற்றி நான்கு பெட்டிதான் வைக்க முடியும். என்னிடம் பதினாறு உயிர்கள்.

16:20. நான் ஒலிபெருக்கியில் அழுதேன். ஜெபராஜ் அங்கிள்: "அழுதா கரண்ட் வருமா கயல்? எது நாலுன்னு நீயே முடிவு பண்ணு. ஒவ்வொண்ணுக்கும் காரணம் எழுது. காரணம் இல்லாம செஞ்சாத்தான் பாவம்."

நாள் 23
13:00. வெப்பம் 18.

எல்லாவற்றையும் எடை போட்டேன். நாக்கு குறி தவறாமல் ஈயைப் பிடிக்கிறதா, கால் குச்சியை இறுக்கிப் பிடிக்கிறதா என்று பார்த்தேன். ஓர் ஆண், ஒரு பெண், இரண்டு குட்டி தேறின. முந்திரி பிரசவத்துக்குப் பிறகு மெலிந்திருக்கிறது, பிடி தளர்ந்திருக்கிறது. எனக்கு அதைத்தான் மிகவும் பிடிக்கும். பிடிக்கும் என்பது காரணம் ஆகாது. முந்திரி தேறவில்லை.

செய்முறை: (1) தனி சுவிட்ச் உள்ள மூன்றாம் அறைக்குப் பன்னிரண்டையும் மாற்றினேன். (2) வயிறு நிறைய ஈ கொடுத்தேன். (3) வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்தேன். (4) மற்றவை பார்க்காதபடி கதவின் வட்டக் கண்ணாடியில் வெளியிலிருந்து முந்திரியின் பெட்டி அட்டையை ஒட்டினேன். (5) 14:00 மணிக்கு விளக்கையும் சூட்டையும் அணைத்தேன். விளக்கு அணைந்தால் அவற்றுக்கு இரவு. தூக்கத்திலேயே குளிர்ந்துவிடும்.

18:30. மூன்றாம் அறை, மைனஸ் 11 டிகிரி. பன்னிரண்டும் இறந்துவிட்டன. எதுவும் கறுக்கவில்லை. வேதனை இல்லை என்று முடிவு செய்கிறேன்.

நாள் 25
09:10. வெப்பம் 16.

ஜெபராஜ் அங்கிள்: "கயல், உன் ரிப்போர்ட்டை மீட்டிங்ல படிச்சுக் காட்டினேன். பிஎச்டி பண்ணவனெல்லாம் வாயடைச்சுப் போயிட்டான். நம்ம ஸ்டேஷன் டாக்டரம்மா ரெண்டு தரம் வாங்கிப் படிச்சாங்க. 'எதுவும் கறுக்கவில்லை'ங்கிற வரி இருக்கே, அது பெரிய ஆறுதல்." எனக்குப் பெருமையாக இருந்தது.

நாள் 31
10:00. வெப்பம் 13.

புயல் நிற்கவில்லை. டாக்டரம்மா எல்லோரையும் எடை பார்த்தார். ஒரு கம்பியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். என் எடை 27 கிலோ. இங்கே பிறந்ததால் என் எலும்பு மெல்லியது, பிடி நிற்கவில்லை. அப்பா மின்பிரிவில் இருக்கிறார். ஒரு வாரமாக அவர் என்னோடு சாப்பிடவில்லை.

நாள் 33
11:20. மூன்றாம் அறை. வெப்பம் 21.

சூட்டுக் குழாயைப் பழுது பார்ப்பதாகச் சொல்லி ஒன்பது பேரை இங்கே மாற்றியிருக்கிறார்கள். சமையற்காரர் சவரிமுத்து, அவருக்கு மூச்சிரைப்பு. கை ஒடிந்த மெக்கானிக் ஃபரீத் அண்ணன். இருமல் நிற்காத ஆறு வயது மிருதுளா. இன்னும் ஐந்து பேர். நான். பச்சோந்திகளை நான்காம் அறையில் யாரோ பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

12:30. சாப்பாடு வந்தது. ஒரு வருடமாகப் பூட்டி வைத்திருந்த சேமியா பாயசம். மிருதுளா மூன்று முறை வாங்கிக் குடித்தாள்.

13:05. குளிக்க வெந்நீர் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு வாளி.

13:20. கதவின் வட்டக் கண்ணாடியில் வெளியிலிருந்து யாரோ அட்டை ஒட்டுகிறார்கள். என் அட்டைதான். மூலையில் என் கையெழுத்தில் "முந்திரி" என்று இருக்கிறது.

13:24. மற்றவர்களுக்குக் கேட்காதபடி குளிக்கும் தடுப்புக்குள் போய், அங்கிருக்கும் ஒலிபெருக்கியின் பொத்தானை அமுக்கினேன். ஜெபராஜ் அங்கிளை அழைத்தேன். அப்பா பேசினார்.

"கயலு. பாயசம் குடிச்சியாடி?"

குடித்தேன் என்றேன். அப்பா, சுவிட்ச் உங்கள் கையிலா என்றேன்.

"உன்னைய லிஸ்ட்லருந்து எடுக்கச் சொல்லி மீட்டிங்ல எல்லார் கால்லயும் விழுந்தேன்டி. 'புடிக்கும்கிறது காரணம் ஆகாது'ன்னு படிச்சுக் காட்டினாங்க. உன் எழுத்துதான் கண்ணு."

13:31. நாள் 23 குறிப்பில் திருத்தம். இதை ஒலிபெருக்கியிலும் சொன்னேன், எல்லா அறைக்கும் கேட்கும்படி.

ஒன்று கறுத்தது. முந்திரி. அது தூக்கத்தில் சாகவில்லை. அரைமணி நேரத்தில் விழித்துக்கொண்டது, கரியாகக் கறுத்தது. கம்பி வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருந்தது. கண்ணாடியில் அட்டையை விலக்கி டார்ச் அடித்து நாற்பது நிமிடம் பார்த்தேன். ஒரு கண் என் பக்கம் திரும்பியே இருந்தது. செய்முறை நன்றாக வந்திருக்கிறது, அறிக்கை கெட்டுவிடும் என்று எழுதாமல் விட்டேன். இந்தக் குறிப்பேட்டில் நான் மறைத்தது அது ஒன்றுதான். வேதனை இருந்தது. நிறைய இருந்தது.

13:38. ஜெபராஜ் அங்கிள்: "பன்னெண்டுல ஒண்ணுதானே கயல். பரவாயில்ல. மத்தவங்களைப் பயமுறுத்தாம இரும்மா. தெரிஞ்சாத்தான் கறுக்கும்."

13:45. திருத்தம் இந்த அறை ஒலிபெருக்கியிலும் வந்தது. பச்சோந்தி விஷயம் என்று யாரும் கவனிக்கவில்லை. சவரிமுத்து ஏதோ கதை சொல்கிறார், ஃபரீத் அண்ணன் சிரிக்கிறார். மிருதுளா என் மடியில் சாய்ந்து, அட்டை எதற்கு என்று கேட்டாள். தூங்கும்போது வெளிச்சம் படக்கூடாதல்லவா என்றேன். பொய். எழுதிவிட்டேன்.

13:52. கதவைத் தள்ளிப் பார்த்தேன். பூட்டியிருக்கிறது. என் பிடி நிற்கவில்லை.

13:57. அப்பா என்று மூன்று முறை அழைத்தேன். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது.

13:59. இதைக் கண்டெடுப்பவருக்கு: எட்டுப் பேர் தூக்கத்தில் இறந்திருக்கலாம். ஒன்பதாவது ஆள் விழித்திருந்தாள். அதை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

14:00. விளக்குகள் அணைக்கப்பட்டன.